கணப்புக்கு மணக்கும் தீமூட்டி: மெழுகும் தைலமும் தேவைதானா?

கோத்தகிரிவாசி: எங்கள் வீட்டுக் கணப்பை மூட்ட மண்ணெண்ணெயை விட்டுவிட்டுப் பைன் மரத்தில் விளையும் செதிலடுக்கான கூம்புகளைப் பயன்படுத்துகிறேன். செதில்கள் விரியும்வரை அவற்றை அடுப்போரம் உலர்த்தி, பருத்தி நூலைச் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கிய தேன்மெழுகில் தோய்த்தெடுக்கிறேன். மெழுகில் இலவங்கப்பட்டைத் தூளும் சில சொட்டு யூக்கலிப்டஸ் தைலமும் சேர்ப்பதால் வீடே மணக்கிறது.

விறகடுப்பு: மணப்பது கூம்பு எரியும்போதா, கூடையில் கிடக்கும்போதா என்று கவனித்தீர்களா? தேன்மெழுகு உருகச் சுமார் 63 பாகை செல்சியஸ் வேண்டும். யூக்கலிப்டஸ் தைலமோ ஏறத்தாழ 50 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். ஆகவே நீங்கள் ஊற்றும் தைலத்தில் ஒரு பங்கு கிண்ணத்திலேயே பறந்துவிடுகிறது. பக்கத்தில் அடுப்பு எரிந்தால் அது ஆபத்தும்கூட. எஞ்சியது சுவாலையில் எரிந்து, மணமில்லாத கரியமில வாயுவும் நீராவியுமாகிவிடுகிறது. சாம்பிராணியை நாம் தணலில் தூவுகிறோமே தவிர, கொழுந்துவிட்டு எரியும் தீயில் போடுவதில்லை; காரணம் இதுதான்.

கோத்தகிரிவாசி: தைலத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், இனி ஊற்றமாட்டேன். ஆனால் மெழுகை விடமுடியாது.

விறகடுப்பு: எதற்கு மெழுகு? தேங்காய் நாரும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போதும். தோலை விளக்கருகே பிதுக்கினால் பொறி பறப்பதைச் சிறுவயதில் பார்க்காதவர் உண்டா? அந்தப் பொறிக்குக் காரணமான எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற, எளிதில் தீப்பற்றும் பொருள். தோல் முறுகக் காய்ந்த பிறகும் அதில் ஓரளவு தங்கியிருக்கும். கடையில் வாங்கும் மெழுகுவத்தியோ பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின். அதை உருக்கி ஊற்றிவிட்டு இயற்கைப் பொருள் என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கோத்தகிரிவாசி: சமவெளியில் இருப்பவருக்கு நார் எளிது. இங்கே மழைக்காலத்தில் நாரும் தோலும் ஒரே இரவில் ஈரம் கோத்து, காலையில் புகையை மட்டுமே தருகின்றன. மெழுகுப் பூச்சு அந்த ஈரத்தைத் தடுக்கிறது. மேலும் கூம்பு திரியாகவும் மெழுகு எரிபொருளாகவும் அமைவதால், தடித்த விறகு பற்றும்வரை தீ நின்று எரிகிறது. பாரஃபினைப் பற்றிய உங்கள் கண்டனம் நியாயம்தான், ஆனால் நான் வாங்குவது தேன்மெழுகு.

சருகுக்கூடை: இருவரும் வாசலில் கிடப்பதை மறந்துவிட்டீர்கள். விறகுத் தட்டுப்பாட்டைப் போக்கவென்று 1843 வாக்கில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட தைல மரம் உரித்துப்போடும் பட்டை, கணப்பின் மேல்திட்டில் உலர்ந்தால் காகிதம்போலப் பற்றிக்கொள்ளும். ஒன்று மட்டும்: வேலியோரச் சுள்ளி பொறுக்குகிறவர்கள் அரளியைத் தொடவேண்டாம், அதன் புகையும் நஞ்சு.

கோத்தகிரிவாசி: பட்டையை முயன்று பார்க்கிறேன். மணத்துக்கு, விறகு தணலான பிறகு ஆரஞ்சுத் தோலை ஓரத்தில் வைக்கிறேன்.

விறகடுப்பு: தோலுக்கு நன்றி, மெழுகு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.