லேத் சுருள் சேர்த்தால் கியூப் வலிமை குறைகிறதே, ஏன்?

அச்சுப்பலகை:
வணக்கம். நடைபாதைப் பலகைக்காக எம்25 தரக் கான்கிரீட் கலவையில் லேத் பட்டறைச் சுருளை (இரும்பைக் கடையும்போது விழும் சீவல்) கன அளவில் 1.5% சேர்க்கிறேன். 20 மிமீ ஜல்லி. மிக்சரில் பந்து பந்தாகத் திரண்டுகொள்கிறது. தண்ணீர் கூட்டினால்தான் இளகுகிறது. 28 நாள் கியூப் வலிமை (கனசதுரமாக வார்த்து அமுக்கி உடைத்துப் பார்ப்பது) சாதாரணக் கலவையைவிடக் குறைவு. எதை மாற்றலாம்?

கலவைக்காரன்:
கூட்டிய தண்ணீர் ஒன்றே போதும் வலிமையைக் குறைக்க. இளக்கம் வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து) போடுங்கள், தண்ணீரைத் தொடாதீர்கள்.

1.5% என்பது கன மீட்டருக்கு ஏறக்குறைய 118 கிலோ இரும்பு. சுருளுக்கு இது மிக அதிகம். 0.5%-ல் தொடங்குங்கள்: 39 கிலோ, அதாவது 150 மிமீ கியூப் ஒன்றுக்கு 132 கிராம். ஸ்பிரிங் மாதிரி சுருண்டதை அப்படியே போட்டால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். 25 முதல் 40 மிமீ நீளத்துக்கு வெட்டி, லேசான வளைவு மட்டும் விடுங்கள். ஜல்லியையும் 10-12 மிமீக்குக் குறைக்க வேண்டும். 20 மிமீ ஜல்லிக்கு நடுவே இந்த நார், அதாவது வெட்டிய சுருள், பரவ இடமே இருக்காது.

அடுத்தது கட்டிங் ஆயில். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் சிமென்ட் பிடிக்காது, விரிசல் விழுந்ததும் நார் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பிறகு ஒரு துண்டின்மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: மெல்லிய படலமாக விரிந்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் மறுபடி கழுவ வேண்டும். லேசான துரு பரவாயில்லை. செதிலாக உதிர்வது வேண்டாம்.

காந்தம்:
கழுவுவதற்கு முன்பே காந்தம் வைத்துப் பிரித்துவிடுங்கள். அலுமினியச் சீவல் கலந்திருந்தால் சிமென்ட்டின் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வரும்; கலவை உப்பி, உள்ளே துளை விழும். வார்ப்பிரும்புச் சீவல் காந்தத்தில் ஒட்டும், ஆனால் பொடிப்பொடியாக இருக்கும், நாராக வேலை செய்யாது. அதைச் சல்லடையில் தள்ளிவிடலாம்.

ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர் எல்லாம் நன்றாகக் கலந்தபின், கடைசியாக மிக்சர் ஓடும்போதே நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பந்துதான். கிடைத்தால் கட்டுக்கம்பி வெட்டுத்துண்டு இன்னும் நல்லது, தடிமன் ஒரே சீராக இருக்கும்.

விரிசல்:
கியூப் வலிமையை வைத்து நாரை எடைபோடுவது சரியில்லை. நார் அமுக்க வலிமையைப் பெரிதாகக் கூட்டாது. விரிசல் விழுந்தபின் இரு பக்கத்தையும் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. 100×100×500 மிமீ பீம் வார்த்து, 400 மிமீ இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் வைத்து, நடுவே இரண்டு இடத்தில் சுமை கொடுத்து வளைத்துப் பாருங்கள். சாதாரண பீம் ஒரே அடியாக இரண்டாகும். நார் பீம் விரிசல் விட்டும் சுமை தாங்கினால் உங்கள் கலவை சரி. உடைந்த முகத்தையும் பாருங்கள்: நார் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் கலத்தல் போதவில்லை.

கலவைக்குள் விட்டு அதிரவைக்கும் ஊசி வைப்ரேட்டர் வேண்டாம், எடுத்த இடத்தில் நாரில்லாத குழி நிற்கும். மேசை வைப்ரேட்டரில் வையுங்கள். நடைபாதை என்பதால் இன்னொன்று: மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நார் துருக்கறை விடும், வெறுங்காலைக் கிழிக்கும். நடக்கும் முகத்தில் நாரில்லாத 5 மிமீ சாந்து, கீழே உள்ள கலவை ஈரமாக இருக்கும்போதே போடுங்கள். பலகையில் கம்பி இருந்தால் நாரை நம்பி அதைக் குறைக்காதீர்கள்.

அச்சுப்பலகை:
நன்றி. 0.5% வெட்டிய நாரும் 12 மிமீ ஜல்லியும் வைத்து, நாரில்லாத பீமோடு சேர்த்து வார்க்கிறேன். சாந்தை அச்சின் அடியில் முதலில் போட்டுப் பலகையைக் கவிழ்த்து எடுக்கலாமா?

விரிசல்:
தாராளமாக. அதுதான் சுலபம். சாந்து இறுகுவதற்குள் கலவையைக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பூச்சு தனியே உரிந்து வரும்.