புதுப்பிப்பு: சிறுநீர்ப்பை எரிச்சலுக்கு எந்தத் தண்ணீர்? விடை கிடைத்தது

கேன் தண்ணீர் குடித்தால் அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது, அடிவயிறு எரிகிறது, எந்தத் தண்ணீருக்கு மாறலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி முதலில் சிறுநீர் கல்ச்சர் எடுத்தேன், தொற்று இல்லை. அப்புறம் ஆர்.ஓ., கொதிக்க வைத்த மெட்ரோ தண்ணீர், விலை கூடிய ஆல்கலைன் பாட்டில் என்று மாற்றிப் பார்த்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆல்கலைனுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன். அந்தக் காரத்தன்மை வயிற்று அமிலத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பலன் தந்தது, "தண்ணீரில் என்ன கலக்கிறீர்கள் என்று பாருங்கள்" என்ற யோசனைதான். எலுமிச்சை பிழிந்த தண்ணீரையும் மாலை நேரச் சோடாவையும் நிறுத்தினேன். எரிச்சல் நன்றாகவே குறைந்தது. காபியைக் குறைத்ததும் உதவியது.

எதிர்பாராதது ஒன்று: தண்ணீரைக் குறைத்த நாட்களில்தான் எரிச்சல் கூடியது. சிறுநீர் அடர்த்தியானால் பையை உறுத்தும் என்று மருத்துவர் விளக்கினார். இப்போது அதே கேன் தண்ணீரைத்தான் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறேன். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திவிடுகிறேன்.

சிறுநீரில் ரத்தமோ, கூடவே காய்ச்சலோ இருந்தால் தண்ணீரை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.