ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ்: சாலைக்கென மாற்றப்பட்டவை எவை?

கேள்வி:
லே மான் 24 மணிநேரப் பந்தயத்தை 1955 முதல் 1957 வரை தொடர்ந்து மூன்று முறை வென்ற ஜாகுவார் டி-டைப்பிலிருந்து உருவான எக்ஸ்கேஎஸ்எஸ் காரில், சாலைப் பயணத்துக்காக எவை மாற்றப்பட்டன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மாற்றங்கள் மிகக் குறைவு. அந்தக் காரின் அழகே அதுதான். ஓட்டுநரின் தலைக்குப் பின்னே மீன்துடுப்பு போல நிமிர்ந்து நின்ற தகட்டையும், இருக்கைகளுக்கு நடுவே இருந்த தடுப்பையும் நீக்கிவிட்டு, பயணிக்கு ஒரு கதவு, முழு அகல முன்கண்ணாடி, மடக்கும் துணிக்கூரை, மெல்லிய பம்பர்கள் ஆகியவற்றைப் பொருத்தினார்கள். பின்பகுதியைப் பெட்ரோல் டேங்கும் ஸ்டெப்னியும் அடைத்துக்கொண்டதால், பெட்டிகளை வைக்க வெளியே, பின்புறத்தின் மேல் ஒரு கம்பிச் சட்டம் அமைந்தது. 3.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் டிஸ்க் பிரேக்குகளும் பந்தயக் காரில் இருந்தபடியே தொடர்ந்தன.

மறுமொழி 2:
விற்காமல் தேங்கிய டி-டைப்களையே இவ்வாறு மாற்றினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1957 பிப்ரவரி 12 அன்று கவென்ட்ரியின் பிரவுன்ஸ் லேன் ஆலையில் மூண்ட தீ ஒன்பது கார்களை அழித்ததால், 16 மட்டுமே முழுமை பெற்றன.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், 2016இல் ஜாகுவார் நிறுவனமே புதிதாகச் செய்வதாக அறிவித்த ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களை அசல் என்று கொள்ளலாமா?

மறுமொழி 2:
அவை புதிய சேசிஸ் எண்களுடன், அழிந்த ஒன்பதுக்கு ஈடாகச் செய்யப்பட்டவை. வேலைப்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அந்தப் பதினாறோடு அவற்றைச் சேர்த்து எண்ண என்னால் இயலாது.