வெப்ஸ்ஃபியர்: நீக்கிய டேட்டா சோர்ஸின் மிச்சம் போகுதில்லை

வணக்கம். கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடி, கொழும்பில் இருக்கும் சேவர்களைப் பராமரிக்கிறேன். ஐபிஎம்மின் அப்ளிகேஷன் சேவர் மென்பொருளான வெப்ஸ்ஃபியர் நெட்வொர்க் டெப்ளாய்மென்ட் 9.0, லினக்ஸ், இரண்டு நோட் (சேவர்கள் அடங்கிய பிரிவு).

போன கிழமை பழைய டேட்டா சோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்புக்கான அமைப்பு) ஒன்றை, வெப்ஸ்ஃபியரின் கட்டளைக் கருவியான டபிள்யூஎஸ்அட்மினில் ஜைத்தன் ஸ்கிரிப்ட் போட்டு நீக்கினேன். அமைப்புகளை மாற்றும் அட்மின்கான்ஃபிக் கட்டளைகள்தான்: கெட்ஐடி, ரிமூவ், அப்புறம் சேவ். (இங்கே மழை என்றால் கரண்ட் போகும், சேவுக்கு முன் இணைப்பு அறுந்தால் வேலை வீண். அதனால் ஸ்கிரிப்டைச் சேவரிலேயே வைத்து ஓட விடுகிறேன்.) பிழை எதுவும் வரவில்லை, கன்சோலிலும் அது இல்லை.

ஆனால் சிஎம்பி (டேட்டா சேமிப்பைக் கன்டெய்னரே பார்த்துக்கொள்ளும் பழைய முறை) கனெக்டர் ஃபாக்டரிகளை லிஸ்ட் எடுத்தால், அதே பெயர் வாலில் '_சிஎஃப்' ஒட்டியபடி அப்படியே நிற்கிறது. ரிசோர்சஸ் எக்ஸ்எம்எல் கோப்பில், டேட்டாபேஸ் இணைப்புகளைக் கையாளும் ரிலேஷனல் ரிசோர்ஸ் அடாப்டருக்குக் கீழே கிடக்கிறது.

நோட்களை முழுமையாக சிங்க் செய்தேன், நோட்களை நிர்வகிக்கும் டெப்ளாய்மென்ட் மேனேஜரை நிறுத்தி ஏற்றினேன். அசையவில்லை. எக்ஸ்எம்எல்லில் கை வைக்க மனமில்லை, ஓடுகிற சேவர். கான்ஃபிக் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த '_சிஎஃப்' ஒன்றை மட்டும் அட்மின்கான்ஃபிக் ரிமூவால் தனியாக நீக்கினால், அதே அடாப்டரைப் பாவிக்கிற மற்ற டேட்டா சோர்ஸ்களுக்குப் பாதிப்பு வருமா?