காமெடி ராப் பண்றவங்க, பக்கத்திலிருந்து பார்த்தவங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நானே தொடங்குகிறேன். ஆறு வருடமாகக் காமெடி ராப் எழுதுகிறேன். பெரிய ஆள் எல்லாம் இல்லை, ஓப்பன் மைக், நண்பர்கள் நடத்துகிற சின்ன நிகழ்ச்சி, அவ்வளவுதான். என் பாட்டுகளில் நாலு பேருக்குத் தெரிந்தது போன் சார்ஜரைப் பற்றியது. வயரை ஒரு பக்கமாக வளைத்து, மேலே ஒரு புத்தகத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும் ஏறுமே, அந்தச் சார்ஜர். அதை என்னமோ ரத்தம் சிந்தி வளர்ந்தவன் மாதிரி கடுகடுத்த குரலில் சொல்வேன். சிரிப்பார்கள்.

போன வருடம் ஒரு மேடையில் அதை முடித்த கையோடு அப்பா இறந்ததைப் பற்றி எழுதிய பாட்டை எடுத்தேன். முதல் வரியே, அவர் போன பிறகும் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது என்று வரும். கூட்டம் சிரித்தது. போன் என்ற சொல்லைக் கேட்டதும் சார்ஜர் பாட்டின் இரண்டாம் பாகம் என்று நினைத்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாலாவது வரியில்தான் ஒவ்வொருவராக அடங்கினார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் எட்டாவது வரி வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை நிறம்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இறங்கி வந்ததும் எங்களில் மூத்த ராப்பர் ஒருவர் கூப்பிட்டார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்துப் போனேன். "அந்தச் சார்ஜர் பாட்டச் சொல்லு. பீட் வேணாம். மூஞ்சியையும் ஆட்டாத" என்றார். சொன்னேன். பாதியிலேயே எனக்கே விளங்கிவிட்டது. புருவத்தைத் தூக்குகிற இடத்தில் எல்லாம் வரி காலியாக இருந்தது, இவ்வளவு நாளும் மூஞ்சியை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறேன். அப்பா பாட்டையும் அதே மாதிரி சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது நல்லாத்தான் இருக்கு. அந்தப் பாட்டுல உன் வரியக் கேட்கப் பழக்கல நீ, உன் மூஞ்சியப் பார்க்கப் பழக்கிட்ட. அதான் இதுக்கும் சிரிச்சாங்க" என்றார்.

அன்றைக்கு அவர் மேல் எனக்குச் சரியான கோபம்.

*

நான் ராப்பர் இல்லை, ஒலிப்பதிவு செய்கிறவன். மேலே அந்த மூத்தவர் சொன்னதைத் தினமும் கணினித் திரையில் பார்க்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

சீரியஸாகப் பாடுகிறவர்கள் வருவார்கள், பதினாறு பார் (ஒரு பார் என்றால் நாலு பீட்) கொண்ட வெர்ஸை, அதாவது பாட்டின் ஒரு பகுதியை, நாலைந்து டேக்கில் முடித்துவிட்டுப் போவார்கள். நிமிடத்துக்கு 90 பீட் வேகத்தில் ஓடும் பாட்டு என்றால் பதினாறு பார் என்பது மொத்தமே 43 விநாடிக்குள்தான். அதில் ரெண்டு வரி சும்மா இட்டு நிரப்பியதாக இருந்தாலும் குரலின் கம்பீரத்தில் ஓடிவிடும். ஒரு காமெடி ராப்பர் வந்தார், ஒரே ஒரு வரிக்கு முப்பது டேக்குக்கு மேல் எடுத்தார். எனக்கு முதலில் எரிச்சல்தான் (நேரத்துக்குக் காசு வாங்குகிறவனுக்கு எரிச்சல் வரக்கூடாது, ஆனாலும் வந்தது). கேட்டபோது சொன்னார்: "ரைம்தான் எனக்கு எதிரி சார். முதல் வரி எந்தச் சத்தத்துல முடிஞ்சுதோ அதே சத்தத்துலதான் அடுத்த வரியும் முடியும்னு கேக்குறவனுக்குத் தெரியும். நான் சொல்றதுக்கு முன்னாடியே அவன் வார்த்தையக் கண்டுபிடிச்சுட்டா ஜோக் செத்துப் போச்சு."

யோசித்துப் பாருங்கள், மேடைப் பேச்சில் ஜோக் சொல்கிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. வார்த்தையை எங்கே வேண்டுமானாலும் போடலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தலாம். இவருக்கு நாலாவது பீட்டில் வந்து விழுந்தாக வேண்டும், இயைபும் பொருந்த வேண்டும், அதே சமயம் எதிர்பாராததாகவும் இருக்க வேண்டும். அந்த முப்பது டேக்கில் அவர் மாற்றிக்கொண்டிருந்தது கடைசிச் சொல்லுக்கு முன்னால் இருந்த மூச்சை மட்டும்தான். கடைசியில் நான்தான் அந்த இடத்தில் பீட்டை அரை நொடி நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். சரியாக உட்கார்ந்தது.

இன்னொன்றும் சொன்னார். ஜோக் முதல் தடவைதான் ஜோக். பாட்டை நூறு தடவை கேட்பார்கள். சிரிப்பு தீர்ந்த பிறகும் கேட்க ஏதாவது இருக்க வேண்டும் என்றால் ஃப்ளோதான், அதாவது வார்த்தைகள் பீட்டோடு ஓடுகிற விதம்தான் காப்பாற்றும். அவரைப் பற்றி வெளியே "ஜாலியான பையன்" என்று மட்டும்தான் பேசுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

*

நான் ஒரு பேட்டிலில் (ரெண்டு ராப்பர்கள் மாறி மாறி வரிகளாலேயே ஒருவரையொருவர் வாருகிற போட்டி) காமெடி ஆள் ஒருவரிடம் தோற்றவன். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சுருக்கமாகத்தான் தோற்றேன். அவர் குண்டு, மூக்கு பெரிசு, மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும். இது எல்லாவற்றையும் வைத்து மூன்று ரவுண்டுக்கும் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதலில் பேசியது அவர். அவருடைய உடம்பு, மூக்கு, கை மூன்றையும் அவரே எடுத்துக் கிழித்தார், நான் எழுதியதைவிட நன்றாக. என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. எமினெம் நடித்த 'எய்ட் மைல்' படத்தின் கடைசி பேட்டில் இதே வேலைதான், பத்து தடவை பார்த்திருக்கிறேன், பார்த்து என்ன பிரயோஜனம். பேட்டிலில் மட்டும் காமெடி ஆளை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, கவனித்தீர்களா? அங்கே சிரிப்பு வந்தால் எதிராளி காலி.

*

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. ஹிப்ஹாப் நகைச்சுவையை மதிக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பழசைப் பார்ப்பதில்லை. ராப்புக்கென்று கிராமி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது 1989-ல். வாங்கியது டிஜே ஜாஸி ஜெஃப்பும் ஃப்ரெஷ் பிரின்ஸும், அதாவது வில் ஸ்மித். அம்மா கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கேவலமான துணி வாங்கிக் கொடுத்ததைப் பற்றிய பாட்டு! அந்தப் பிரிவைத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டோம் என்றதும் ஜெயித்த அவர்களே விழாவுக்குப் போகாமல் புறக்கணித்தார்கள். சிரிக்க வைக்கிறவர்கள்தான், ஆனால் தங்கள் கலைக்கு மரியாதை கேட்கிற இடத்தில் விளையாடவில்லை.

பிஸ் மார்க்கி இன்னொருத்தர். அதே 1989-ல் வந்த அவர் பாட்டின் பல்லவி சுருதியே சேராமல் கத்தியது, அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுத் தரவரிசையில் ஒன்பதாவது இடம் வரை போனது. கோமாளி இளவரசன் என்றே பட்டம். ஆனால் வாயாலேயே பீட் போடுவதில் அவர் கில்லாடி என்று கூட இருந்தவர்களுக்குத் தெரியும், அதனால் கோமாளி என்பது செல்லப் பெயராக ஆனது.

பிற்பாடு வந்த லில் டிக்கி கதை வேறு. விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர், நகைச்சுவைக்காரராகக் கவனம் பெற ஒரு வழியாகத்தான் ராப்பை எடுத்தார், அப்புறம் அதிலேயே மனதைப் பறிகொடுத்தார். 2013-ல் ரசிகர்களிடம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2015-ல் ஆல்பம் போட்டார், அது ஆல்பங்களுக்கான பில்போர்ட் 200 தரவரிசையில் ஏழாவது இடத்தில் நுழைந்தது. அப்படியும் இவர் ராப்பரா, ராப்பர் வேஷம் போட்டவரா என்கிற சண்டை ஓயவில்லை. அந்தக் கேள்வி நியாயமில்லாதது என்று எனக்குத் தோன்றவில்லை. சிலர் கையை ஆட்டி, தொப்பியைத் திருப்பி, "ராப்புன்னா இவ்வளவுதான்" என்று காட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு மரியாதை கிடைக்காதது சரிதான்.

நம்மிடம் இல்லாததா? வசை பாடக் காளமேகம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவருடைய கிண்டல் இத்தனை நூற்றாண்டு தாண்டி நிற்பது வெண்பாவில் தளை தட்டாததால். தட்டியிருந்தால் வெறும் வம்பு.

*

மேலே சொன்னதெல்லாம் சரி, ஒன்று விட்டுப் போயிற்று. நான் பெண். நான் காமெடியாகப் பாடினால் "க்யூட்டா இருக்கு" என்கிறார்கள். ஜோக்குக்குச் சிரித்துவிட்டு, இதை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்ட ஆட்கள் மூன்று பேர். நாலாவது ஆள் கேட்டபோது அவர் நின்ற இடத்திலேயே அவரைப் பற்றியே எட்டு பார் போட்டேன். சிரித்தார், அப்புறம் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இப்படி நிரூபித்துக்கொண்டிருக்க நான் என்ன தேர்வா எழுதுகிறேன்?

*

முதல் பதிவு எழுதியவன்தான். ஒலிப்பதிவு செய்கிறவர் ரைமைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி சார்ஜர் பாட்டைக் கண்ணாடி முன்னால் மூஞ்சியை அசைக்காமல் சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டு வரியை அடித்துவிட்டேன், ஏழுதான் திரும்ப எழுத முடிந்தது. வரிகளை மாற்றிக்கொண்டே வரும்போது ஒரு விஷயம் தட்டுப்பட்டது: அந்தச் சார்ஜரே அப்பாவுடையதுதான். இதைப் பாட்டில் சொல்லலாமா, சொன்னால் எந்த வரியில் என்று இன்னும் பிடிபடவில்லை. சனிக்கிழமை மேடை இருக்கிறது.