ஈர மணலின் பளபளப்பை நீர்வண்ணத்தில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
கடலோர ஊர் ஒன்றில் தங்கி நீர்வண்ணத்தில் வரைகிறேன். காலையில் போனால் வெயில் ஏறும்வரை அங்கேதான். அலை பின்வாங்கியதும் சின்னப் பறவைகள் ஓடிவந்து மணலைக் கொத்தும். அவற்றை வரைவது கைக்கு வந்துவிட்டது. அலை விட்டுப்போன ஈர மணலின் பளபளப்புதான் தாளில் வரமாட்டேன் என்கிறது. வெள்ளை பூசினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
வெள்ளையை விட்டுவிடுங்கள். ஈர மணல் உண்மையில் காய்ந்த மணலைவிடக் கருமையானது. துகள்களின் இடைவெளியைத் தண்ணீர் நிரப்புவதால் வெளிச்சம் வெளியே குறைவாகவே சிதறுகிறது. நமக்குப் பளபளப்பாகத் தெரிவது மேலே படிந்த நீரில் விழும் வானம். அதனால் வானத்தின் நிறத்தையே சற்று மங்கலாக மணல்வரை இழுங்கள், ஈரம் காய்வதற்குள் பழுப்பைக் கலக்க விடுங்கள். ஈரக் கடற்காற்றில் தாள் மெதுவாகத்தான் காயும், இங்கே அது நல்லதே.

பதில் 2:
ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் தன் மேக ஓவியங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எழுதிவைப்பார். நீங்களும் எழுதுங்கள், ரொம்பப் பயன்படும். அப்புறம், தாளில் மணல் ஒட்டினால் கவலை வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1870இல் பிரான்சின் த்ரூவில் (Trouville) என்ற ஊரின் கடற்கரையில் வரைந்த ஓவியத்தில் இன்றும் மணல் துகள்கள் இருக்கின்றன.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று கவனித்தேன்: நின்று பார்த்தால் மணல் பழுப்பு, உட்கார்ந்து சாய்வாகப் பார்த்தால் வானம் கூடுகிறது. சரி, இனி தரையில் உட்கார்ந்துதான் வரையப்போகிறேன்.