மறுமொழி: டாஷ்போர்டு – விரைவுப்பலகையா, நிலைகாட்டியா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் முக்கிய விவரங்களை ஒரே பார்வையில் காட்டும் திரையான டாஷ்போர்டுக்குத் தமிழில் ‘விரைவுப்பலகை’ என்று நேற்று வந்த பரிந்துரையைப் பார்த்தேன். டாஷ் என்றால் விரைந்து ஓடுதல் என்ற பொருளும் உண்டு, அதனால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்தச் சொல்லில் இருப்பது ஓட்டம் இல்லை, சேறு தெறிப்பது.

குதிரை வண்டி போகும்போது குளம்படியில் சேறும் கல்லும் பின்னால் தெறிக்கும். ஓட்டுபவர் மேல் படாமலிருக்க, அவர் காலுக்கு முன்னால் மரத்திலோ தோலிலோ ஒரு தடுப்பு வைத்தார்கள். அதற்கு 1840களிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. வினையும் பெயரும் ஒட்டிய சொல், நம் ஊறுகாய், சுடுசோறு போல. அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ‘தெறிபலகை’ என்று அழகான வினைத்தொகை கிடைக்கும். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கணினிக்குப் பொருந்தாது.

கார் வந்தபோது குதிரை போய்விட்டது, பலகை போகவில்லை. 1901இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் கார் ஒன்றுக்கு ‘கர்வ்டு டாஷ்’ என்றே பெயர். எஞ்சின் இருக்கைக்கு அடியில். முன்னால் பனிச்சறுக்கு வண்டியின் மூக்கு மாதிரி வளைந்த பலகை. அப்புறம் வேகமானியும் மற்ற மானிகளும் ஓட்டுபவர் கண்ணுக்கு நேராக இருந்த அந்த இடத்தில் ஏறின. கணினிக்கு வந்து சேர்ந்தது இந்த மானிகளின் வரிசைதான்.

ஸ்பெயினில் காரில் இருப்பதை இன்னும் ‘சல்பிகாதேரோ’ என்கிறார்கள், தெறித்தல் என்ற வினையிலிருந்து. ஜெர்மானியர்களின் ‘அர்மடூரன்பிரெட்’ கருவிப் பலகை என்றே சொல்லிவிடுகிறது. நமக்கு இரண்டாவது வழிதான் சரி. ஆங்கிலத்தில் காருக்கும் கணினிக்கும் ஒரே சொல் இருப்பது அவர்கள் வரலாறு. நாம் காருக்கு ‘மானிப்பலகை’ என்றும் கணினிக்கு வேறு சொல்லும் வைக்கலாம்.

சிலர் எழுதும் ‘கட்டுப்பாட்டகம்’ எனக்கு ஒட்டவில்லை. டாஷ்போர்டில் முதல் வேலை பார்ப்பது, கட்டுப்படுத்துவது அப்புறம். ‘நிலைப்பலகை’ என்று யோசித்தேன், தச்சரிடம் சொன்னால் வாசல் நிலைக்குப் பலகை அறுக்கத் தொடங்கிவிடுவார். அதனால் ‘நிலைகாட்டி’. நாட்காட்டி, திசைகாட்டி வரிசையில் சொன்னதும் புரிகிறது.

“விற்பனை நிலைகாட்டியைத் திற.”
“ஆசிரியருக்குத் தனி நிலைகாட்டி உண்டு.”
“நிலைகாட்டியில் மூன்று வரைபடங்கள் சேர்.”

மோடத்தில் எரியும் சிறு விளக்கையும் நிலைகாட்டி என்பார்களே என்று கேட்கலாம். அதற்குக் ‘குறிவிளக்கு’ போதும். வேறு சொல் வைத்திருப்பவர்கள் இந்த மூன்று வாக்கியங்களில் அதைப் பொருத்திப் பார்த்து எழுதுங்கள்.